விடியுமுன் சுவாமி மலை: கோட்டை வாசலில் இருந்து இராவணன் வெட்டு வரை நடந்து போக ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலைக்கு வருகிறவர்கள் பலர் ஓட்டோவிலோ வானிலோ கோணேசர் கோயிலடி வரை போய் இறங்குகிறார்கள். கும்பிடுகிறார்கள், சிவன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், இருபது நிமிடத்தில் வண்டி திரும்பிவிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மலையின் பாதியைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துவிட்டுப் போகிறார்களே என்றிருக்கும்.

இந்த மலையை நடந்துதான் பார்க்க வேண்டும். நடை ஒன்றும் பெரிதில்லை. கோட்டை வாசலில் இருந்து உச்சி வரை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், நல்ல தார் வீதி, மெல்லிய ஏற்றம். அவசரமில்லாமல் நடந்தால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் மான், கோட்டை, நானூறு வருடச் சண்டை, கோயில், ஆழ்கடல் எல்லாம் வரிசையாக வருகின்றன. உச்சியில் நிற்கும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

இடத்தின் அமைப்பை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் நிலம் ஒரு விரலை நீட்டியதுபோலக் கடலுக்குள் போகிறது. விரலின் அடியில் பிரெட்ரிக் கோட்டையின் வாசல், நுனியில் கோணேசர் கோயில். நுனி அப்படியே செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அந்தப் பாறையைத்தான் சுவாமி மலை என்கிறோம். விரலுக்குத் தெற்கே இருக்கும் வளைவு டச்பே, வடக்கே இருக்கும் நீண்ட வளைவு பேக்பே. வடக்கே அந்தக் கரை உப்புவெளி, நிலாவெளி என்று நீண்டுகொண்டே போகும்.

எந்த மாதம், எந்த நேரம்

கிழக்குக் கரையின் பருவம் கொழும்புப் பக்கத்துக்கு நேர்மாறு. அங்கே மழை கொட்டும் மே, ஜூனில் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். எங்களுக்கு மழை வாடைக்காற்றோடு வரும். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். மழை நாளிலும் மலை அழகுதான், ஆனால் பாறை வழுக்கும், கடலும் கலங்கியிருக்கும். முதன்முறை வருகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரலைத்தான் சொல்வேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாக இருக்கும், வெயிலும் இன்னும் உக்கிரமாகியிருக்காது.

ஜூன், ஜூலை, ஓகஸ்டில் வருகிறீர்கள் என்றால் கச்சான் காற்றைத் தெரிந்து வைத்திருங்கள். தரைப் பக்கம் இருந்து சூடாக அடிக்கும் காற்று அது. மத்தியானத்தில் அடுப்படியில் நின்ற மாதிரி முகத்தில் மோதும், தொப்பியைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அந்த மாதங்களில் காலையை விட்டால் நடக்க நேரமில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. விடியுமுன் போங்கள். மலை கிழக்கைப் பார்த்து நிற்கிறது, சூரியன் நேரே கடலில் இருந்து எழும்பும், இடையில் மறைக்க ஒன்றும் இல்லை. ஜூன் தொடக்கத்தில் 5.45ஐ ஒட்டியும் ஜனவரி கடைசியில் 6.25ஐ ஒட்டியும் உதயம் இருக்கும். சூரியன் எழும் இடமும் மாறும். ஆனி மாதத்தில் உங்களுக்கு இடப்பக்கமாக, நிலாவெளிக் கரை போகும் திசையில் தள்ளி எழும்பும். மார்கழியில் வலப்பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வந்தால் ஏறக்குறைய நேர் எதிரே. கமராவோடு வருகிறவர்களுக்கு இது உதவும்.

உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னால் கோட்டை வாசலில் நின்றால் போதும். ஆனால் கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. இருட்டோடு எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள், கோயில் நடை எப்போது திறக்கிறது என்று முதல் நாளே வாசலில் விசாரித்து வைத்துவிடுங்கள். விசேஷ நாட்களில் இந்த நேரங்கள் மாறும்.

சிவராத்திரியும் அதைத் தொடர்ந்து சுவாமி நகர்வலம் வரும் நாட்களும், பங்குனியில் நடக்கும் பெருந்திருவிழாவும் ஊர் முழுக்க விழித்திருக்கும் காலம். கும்பிட வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. கடலை அமைதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த நாட்களையும் வெள்ளிக்கிழமை, போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களையும் தவிர்க்கலாம்.

வந்து சேர

கொழும்பில் இருந்து வீதி வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பஸ்ஸில் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வருவீர்கள். கொழும்புக் கோட்டையில் இருந்து ரயிலும் உண்டு. கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரிந்துபோக, இங்கே வருவது தனியாக வடகிழக்கே திரும்பும். இரவு ரயிலில் வருகிறவர்கள் விடிகாலையில் வந்து இறங்குவார்கள், ஆனால் அன்றைக்கே உதயம் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரயில் பிந்தினால் ஏமாற்றம். ஒரு இரவு ஊரில் தங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் வவுனியாவில் திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். மட்டக்களப்பில் இருந்து மூதூர் வழியான கரையோர வீதியே நல்லது. வழியில் ஆறுகளையும் களப்புகளையும் பாலம் பாலமாகத் தாண்டி வருவீர்கள்.

பஸ் நிலையத்தில் இருந்து கோட்டை வாசல் நடக்கிற தூரம்தான். ரயில் நிலையத்தில் இருந்து ஓட்டோ பிடியுங்கள், ஏறும்போதே விலை பேசிவிடுங்கள். ஓட்டோக்காரரிடம் “கோணேசர் கோயில்” என்றால் மேலேயே கொண்டுபோய் விடுவார். “கோட்டை வாசலில் இறக்கிவிடுங்கோ அண்ணே, நாங்கள் நடந்து போறம்” என்று சொல்லுங்கள். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

உடுப்பும் பையும்

இது கோயில் மலை. தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு வாருங்கள். ஆண்களுக்கு வேட்டி அல்லது நீளக் காற்சட்டை. உள்ளே மேற்சட்டையைக் கழற்ற வேண்டுமா என்பதை அங்கே நிற்கிறவர்களைப் பார்த்துச் செய்யலாம். கழற்றிப் போடச் சுலபமான செருப்பு, ஒரு போத்தல் தண்ணீர், காற்றுக்குப் பறக்காத தொப்பி. பைனாகுலர் இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ட்ரோன் வேண்டாம், இராணுவம் இருக்கும் இடம். முகாம் கட்டடங்களையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள். வீதியும் மரமும் மானும் கடலும் தாராளமாக எடுக்கலாம். கோட்டைக்குள் நடக்க நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை.

கோட்டை வாசல்

இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். எல்லாரும் கடந்துபோகும் இடம் இது, ஆனால் மலையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வாசல் கல்லில் ஒரு மீன் உருவத்தையும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளையும் காண்பீர்கள். இருட்டில் வந்தால் போன் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நேர் வெளிச்சத்தில் வெறும் கல்தான் தெரியும். சின்ன வயதில் என் அம்மம்மா என் சுட்டுவிரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் நகர்த்துவார். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாத வயது. குளிர்ந்த கல்லில் விரல் இறங்கி ஏறியது மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் தொடாதீர்கள். அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்கு எழுத்து இன்னும் மங்கிவிட்டது.

முன்பு குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி பிரிப்பான் என்று தொடங்கும் பாட்டின் துண்டு அது. குளக்கோட்டன் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் பழைய மன்னன், பறங்கி என்றால் போர்த்துக்கேயர். மீன் பாண்டியர் சின்னம். கோயிலின் கல் எப்படிக் கோட்டையின் வாசலுக்கு வந்தது என்பதற்கு அந்தப் பாட்டே பதில். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இந்த மலையில் இருந்த கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார். மலையடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்ததாக ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். உடைந்த சிற்பக் கற்களும் தூண்களும் பாறையடியில் கடலுக்குள் கிடப்பதைச் சுழியோடிகள் பார்த்திருக்கிறார்கள்.

அதன் பிறகு கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் ஒரே வருடத்துக்குள் ஜனவரியில் பிரித்தானியர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர். செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே கடலில் இரண்டு தரப்புக் கப்பல்களும் மோதின. பிறகு ஒல்லாந்தருக்கே திரும்பிப் போய், 1795இல் மறுபடியும் பிரித்தானியர் கையில் விழுந்தது. 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். இவ்வளவு பேர் இந்தச் சின்ன நிலத்துண்டுக்காக ஏன் அடிபட்டார்கள் என்று கேட்டால், பதில் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. நகரத்துக்கு மறுபக்கம் இருக்கும் துறைமுகம் எந்தக் காற்றிலும் கப்பல் பாதுகாப்பாக நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம். வங்காள விரிகுடாவில் வாடைக்காற்றுக் காலத்தில் கப்பலை ஒதுக்க அப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது.

மான்கள்

வாசலைத் தாண்டியதும் பெரிய மரங்கள். விடியற்காலையில் மரத்தடியில் பழுப்புக் குவியல் குவியலாகத் தெரிவது புள்ளிமான் கூட்டம். முற்றவெளிப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் இவை வந்துபோகும். கோட்டை மான்கள் எங்கள் ஊரின் அடையாளம், ஊர்ப்பிள்ளைகள் மாதிரி வளர்ந்தவை.

ஒரு நாள் வீதியோரத்தில் ஒரு பெண் மான் என்னவோ மென்றுகொண்டு நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், வாயின் ஓரத்தில் நீல நிறப் பொலித்தீன் பையின் காது தொங்குகிறது. பையில் வாழைப்பழம் இருந்திருக்க வேண்டும். மான் தலையை ஆட்டி ஆட்டி இழுக்கிறது, பை நீளுகிறதே தவிர அறுபடவில்லை. நான் ஓர் அடி வைத்ததும் ஓடிவிட்டது, பையோடு. அது வயிற்றுக்குள் போனால் வெளியே வராது. வயிற்றில் பொலித்தீன் நிரம்பிச் சாகும் மான்களைப் பற்றி ஊரில் அடிக்கடி பேசிக்கொள்வோம். தயவுசெய்து மானுக்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள். பாசத்தில்தான் கொடுக்கிறீர்கள், தெரியும். ஆனால் உங்கள் கையில் வாங்கிப் பழகிய மான்தான் அடுத்த நாள் குப்பையில் பையை இழுக்கிறது. நீங்கள் கொண்டு போகும் பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

படம் எடுக்க விரும்பினால் இருந்த இடத்தில் குந்தியிருங்கள். நின்றுகொண்டு துரத்தினால் முதுகுதான் கிடைக்கும். குந்தியிருந்தால் இரண்டு நிமிடத்தில் அவையே தலையைத் திருப்பிப் பார்க்கும்.

ஏற்றம்

வீதி மெல்ல மேலேறும். வழியில் பழைய காலக் கட்டடங்கள் வரும். அவற்றில் ஒன்று, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி 1800ஐ ஒட்டிய காலத்தில் தங்கியிருந்த வீடு. ஒரு பௌத்த விகாரையும் கோட்டைக்குள் இருக்கிறது. மரங்களுக்கு இடையில் எங்கே இடைவெளி தெரிந்தாலும் எட்டிப் பாருங்கள். உச்சிக்குப் போனதும் திறந்த கடல் உங்களை முழுக்க இழுத்துக்கொள்ளும், குடாக்களைப் பார்க்கத் தோன்றாது. விடிகாலையில் கீழே மீன்பிடி வள்ளங்கள் இருக்கும். எஞ்சின் சத்தம் முதலில் வரும், வள்ளம் பிறகுதான் கண்ணில் படும்.

கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் கடைகள். பூசைத் தட்டு, தேங்காய், பூ, கற்பூரம், அதோடு கச்சான் கடலை, தொப்பி, விளையாட்டுச் சாமான். பூசைத் தட்டு வேண்டும் என்றால் இங்கேயே வாங்குங்கள். சங்கு, பவளம் விற்றால் வாங்காதீர்கள். கடலில் இருந்து எடுத்தது கடலிலேயே இருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றிய பிறகு

கோயில் வாசலில் செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். இங்கேதான் விடிகாலையின் அருமை தெரியும். ஒரு சித்திரை மாதம் சென்னையில் இருந்து வந்த உறவினர் குடும்பத்தைப் பகல் பன்னிரண்டரைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டேன். கருங்கல் தளம் தோசைக்கல்லாகக் கிடந்தது. கூட வந்த சின்னப் பெண் பத்து அடி வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினேன். அவர்கள் இராவணன் வெட்டைப் பார்க்கவே இல்லை. கடலைப் பார்க்க ஆயிரம் மைல் வந்தவர்கள் காலைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். அது முழுக்க என் பிழை. ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், அல்லது நாலரைக்குப் பிறகு ஏறுங்கள்.

வாசலில் பெரிய சிவன் சிலை அமர்ந்த கோலத்தில் இருக்கும். தூரத்துக் கடலில் இருந்தே தெரியும். உள்ளே கோணேசர், மாதுமை அம்பாள். இப்போது இருக்கும் கோயில் புதிது. 1950இல் மலைக்குக் கிட்ட நகரத்தில் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் முதலான வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. பறங்கியர் வருமுன் பூசகர்கள் புதைத்து வைத்தவை என்று நம்புகிறோம். 1956இல் சுழியோடி மைக் வில்சன் பாறையடிக் கடலில் லிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார். பிறகு திருப்பணி நடந்து 1963இல் குடமுழுக்கு ஆனது. இடிபட்டு முந்நூற்று நாற்பது வருடங்கள் ஆகியும் அந்த இடத்தை ஊர் மறக்கவில்லை. கோயில் இல்லாத காலத்திலும் பூசகர் பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துப் பூவும் பழமும் போட்டுப் பூசை செய்ததைப் பிரித்தானியர் காலத்தில் வந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கும்பிட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் நின்று காதைக் கொடுங்கள். மணிச் சத்தம் ஓய்ந்ததும் அடியில் இருந்து ஒரு முழக்கம் கேட்கும். அலை பாறைப் பிளவுக்குள் புகுந்து திரும்பும் ஒலி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியபோது “குரைகடல்” என்றார், ஒலிக்கின்ற கடல். அவர் இராமேச்சரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் நின்றவரின் பாட்டில் இந்தக் கடலின் சத்தம் இருக்கிறது.

இராவணன் வெட்டு

கோயிலைச் சுற்றிக் கடலோரமாகப் போனால் வேலி போட்ட விளிம்பு வரும். பாறை மேலிருந்து கீழே வரை ஒரே வெட்டாகப் பிளந்து நிற்கிறது, அடியில் கடல் பச்சையாகவும் கருநீலமாகவும் கொதிக்கிறது. தாய்க்காக இந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது கதை. பக்கத்தில் கைகூப்பி நிற்கும் இராவணன் சிலையும் இருக்கிறது.

விளிம்போரத்து மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளை முழுக்கச் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. ஓரிரண்டு அங்குலத் தொட்டில், அதற்கு ஒரு துணித்துண்டு, மஞ்சள் பூசிய நூல். பழைய நூல்கள் உப்புக்காற்றில் நிறம் போய் வெளுத்திருக்கும், நேற்றுக் கட்டியது பளிச்சென்று இருக்கும். காற்று வரும்போது எல்லாத் தொட்டில்களும் ஒரே நேரத்தில் ஆடும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் ஏக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

வேலியைத் தாண்டாதீர்கள், பிள்ளைகளை வேலியில் ஏற்றி நிறுத்தாதீர்கள். செல்பிக்காகப் பின்னால் நகரும் பழக்கம் இந்த இடத்துக்கு ஆகாது. மழைநாளில் விளிம்புப் பாறையில் பாசி இருக்கும்.

உச்சிப் பாறையில் ஓர் ஒற்றைக் கல்தூண் உண்டு. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் நினைவாக 1687இல் நிறுத்தியது. காதலன் கப்பலேறிப் போனதால் அவள் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தூணில் உள்ள எழுத்து அப்படி எதுவும் சொல்லவில்லை, அவள் நினைவாக நிறுத்தியது என்று மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் கதையைவிடத் தூண்தான் முக்கியம். இடிக்கப்பட்ட பழைய கோயிலின் தூண் அது என்று ஊரில் சொல்வார்கள்.

திமிங்கிலம் பார்க்க

பைனாகுலர் கொண்டு வரச் சொன்னது இதற்குத்தான். கரையில் நின்று நீலத் திமிங்கிலத்தைப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகத்தில் மிகக் குறைவு. சுவாமி மலை அதில் ஒன்று.

காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. துறைமுகக் குடாவில் இருந்தே ஓர் ஆழமான பள்ளத்தாக்குக் கடலடியில் தொடங்கி வெளியே போகிறது. மற்றக் கரைகளில் பல மைல் போனால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே மலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆழத்தில் இரை கிடைக்கும், இரையைத் தேடித் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வரும். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை காலம், அதிலும் கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரலில் கண்டுபிடிப்பது சுலபம்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். உதயம் முடிந்த உடனே தேடாதீர்கள். சூரியன் நேர் எதிரே இருப்பதால் கடல் முழுக்கக் கண்ணாடி மாதிரி மினுங்கும், கண்தான் கூசும். ஏழரை அளவில் சூரியன் ஏறிய பிறகு, மினுக்கத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள இருண்ட நீரைப் பாருங்கள். முதலில் வெறுங்கண்ணால்தான் தேட வேண்டும், பைனாகுலரில் தேடத் தொடங்கினால் ஒன்றும் அகப்படாது. அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இடமிருந்து வலமாக மெல்லக் கண்ணை ஓட்டுங்கள். நீங்கள் தேடுவது திமிங்கிலத்தை இல்லை, மூச்சை. தண்ணீரில் இருந்து நேராக, ஒற்றைத் தூணாக வெள்ளைப் புகை எழும்பும். இரண்டு மாடி உயரத்துக்கும் போகும். அலை நுரை படுத்துக் கிடக்கும், மூச்சு நிமிர்ந்து நிற்கும், அதுதான் வித்தியாசம்.

ஒன்றைக் கண்டதும் அசையாமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். தொடர்ந்து சில தடவை மூச்சு விடும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து இருபது விநாடி. பிறகு முதுகை வளைத்து ஆழத்துக்குப் போகும். போனால் பத்து நிமிடத்துக்குக் கிட்டக் காத்திருக்க வேண்டும், சற்றுத் தள்ளி மறுபடியும் வரும். சில நேரம் போகும்போது வாலைத் தூக்கும். ஒரு தடவை எனக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றார். நான் வாலைக் காட்டியதும், “அது நேற்றும் வந்தது தம்பி” என்றார். ஒவ்வொரு நாளும் அவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

திமிங்கிலம் வராத நாட்களே அதிகம். டொல்பின் கூட்டம் வந்தால் நீர் கொதிப்பதுபோல ஒரு பரப்பு முழுக்கத் துள்ளும். பின்னேரத்திலும் முயற்சி செய்யலாம், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் பார்ப்பது சுலபம். கச்சான் காலத்தில் மட்டும் பின்னேரக் கடல் முழுக்க வெள்ளை நுரையாகி, எது மூச்சு எது அலை என்று தெரியாமல் போகும்.

நடக்க முடியாதவர்களோடு வந்தால்

முழங்கால் வலி உள்ளவர்களையும் கைக்குழந்தையோடு வருகிறவர்களையும் ஓட்டோவில் மேலே அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடக்கலாம். கோயிலுக்குள்ளும் படிகள் உண்டு, கையைப் பிடித்து அழைத்துப் போக ஒருவர் வேண்டும். திரும்பும்போது இறக்கம்தானே என்று அவர்களையும் நடக்க வைத்துப் பாருங்கள். பலர் நடந்துவிடுவார்கள்.

இறங்கிய பிறகு

எட்டரை ஒன்பதுக்குக் கீழே வந்துவிடுவீர்கள். வாசலுக்கு வெளியே டச்பே கடற்கரை. மணலில் நின்று திரும்பிப் பார்த்தால் கோட்டை மதிலும் மரங்களும் அதற்கு மேல் நீண்டு போகும் மலையும் ஒரே பார்வையில் தெரியும். அப்புறம் நகரத்துக்குள் போய்ச் சாப்பிடலாம், காலை இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைக்கும் சின்னக் கடைகள் நிறைய உண்டு. பத்திரகாளி அம்மன் கோயில் வழியில்தான் இருக்கிறது.

நேரம் இருந்தால் இராவணன் கதையை முடித்துவிட்டு வாருங்கள். நகரத்தில் இருந்து வடமேற்கே எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியா. தாய் இறந்த செய்தி கேட்டு, கடமை செய்ய நீர் வேண்டி இராவணன் நிலத்தில் குத்திய இடங்களில் ஊறியவை என்று சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்கே இருக்கின்றன. பெரிய ஆழமில்லை, கை நீட்டினால் நீரைத் தொடலாம். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது, காலையில் மலையில் பட்ட உப்புக்காற்று முகத்தில் இருந்து கரைந்து உதட்டில் இறங்கும்.